ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜும் ஒரு பழைய ஏடிஎம் கார்டும்

கம்பிகளைத் தாங்கும் அசையும் பாலமான ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வைத்த எலக்ட்ரிக் கிட்டாரைக் கம்பி மாற்றக் கொடுத்தால், சாதாரண கிட்டாருக்கு வாங்குவதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, வேலை இழுக்கும். ஆனால் சென்னையில் நான் பார்த்தவரை, அந்தப் பிரிட்ஜைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் குறைவு. என் ஜாக்சன் கிட்டாரை ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியபோது அதன் பின்பக்க மூடியைத் திறந்தால், உள்ளே பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையான பிளாக்கின் இரண்டு பக்கமும் மரத்துண்டைச் செருகி அடைத்து வைத்திருந்தார்கள். "சுருதி நிக்கல சார், கடையில குடுத்தேன், சரி பண்ணிட்டாங்க" என்றார் விற்றவர். சுருதி நின்றது உண்மைதான். பிரிட்ஜை அசைத்துச் சுருதியை வளைக்கும் நெம்புகோலான ட்ரெமோலோ கையைத்தான் அசைக்க முடியாது.

அந்த மரத்துண்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நானே கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்தேன். சில வருஷங்களாக நண்பர்களின் கிட்டார்களும் என்னிடம் வருகின்றன. இதை எழுதுவது, அப்படி ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு கம்பி அறுந்தால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களுக்காக.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. சாதாரண கிட்டாரில் பிரிட்ஜ் உடம்போடு திருகி இறுக்கப்பட்டிருக்கும். இதில் அப்படி இல்லை. முன்பக்கம் இரண்டு ஸ்டட் (உடம்பில் பதித்த தடித்த திருகு) இருக்கும். பிரிட்ஜின் கத்தி முனை போன்ற இரண்டு விளிம்புகள் அந்த ஸ்டட்டுகள்மேல் சாய்ந்து நிற்கும். கம்பிகள் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை நெக் பக்கம் இழுக்கின்றன. கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதை எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் பிரிட்ஜ் மிதக்கிறது. 9-42 செட் (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042) போட்டு ஸ்டாண்டர்ட் சுருதியில் வைத்தால் கம்பிகளின் மொத்த இழுவை தோராயமாக 38 கிலோ. 10-46 போட்டால் 46 கிலோவைத் தாண்டும். அவ்வளவு பாரத்தையும் இரண்டு சின்ன விளிம்புகள் தாங்குகின்றன.

இதனால் என்ன ஆகும்? ஆறாவது கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் சாயும், மற்ற ஐந்தும் இறங்கும். ஐந்தாவதை ஏற்றினால் சற்று முன்பு சேர்த்த ஆறாவது இறங்கும். வீட்டில் உட்கார்ந்து சுருதி சேர்க்கிறவர் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். கம்பி அறுந்தால் தலைகீழ்: இழுக்க ஆள் குறைந்ததால் ஸ்பிரிங் ஜெயிக்கிறது, மீதி ஐந்தும் ஏறிவிடும். சர்ச்சில் லீட் வாசிக்கும் தம்பி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு கம்பி போச்சுன்னா ஒரு கம்பிதானே போகணும்? பாட்டே போச்சு" என்றான். அவன் கிட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. அப்படித்தான் நடந்தாக வேண்டும். மேடையில் வாசிக்கிறவர் பக்கத்தில் இன்னொரு கிட்டாரை வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், ட்ரெமோலோ கையை அழுத்திக் கம்பிகளைத் தொளதொளவென்று தொங்கவிட்டு மறுபடி விட்டாலும் சுருதி அப்படியே திரும்பி வருகிறது, அதற்காகத்தான். அமெரிக்காவில் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற இசைக்கலைஞர் 1976 வாக்கில் இதில் இறங்கினார். பழைய ட்ரெமோலோக்களில் கம்பி நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டையில்) வழுக்கிவிட்டுத் திரும்பச் சரியான இடத்துக்கு வராது. அவர் நட்டிலேயே கம்பியை இறுக்கிப் பிடித்துவிட்டார், பிரிட்ஜ் பக்கமும் பிடித்தார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. எடி வான் ஹேலன் ஆரம்பத்திலேயே இதை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். எண்பதுகளில் வேகமாக வாசித்தவர்கள் கையிலெல்லாம் இது இருந்ததற்கு அவரும் ஒரு காரணம். பிரிட்ஜின் பின்னால் இருக்கும், சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் திருகுகளான ஃபைன் ட்யூனர்கள் பிறகு சேர்ந்தவை. அதற்கு முன் சுருதி கொஞ்சம் நகர்ந்தாலும் நட்டைக் கழற்றித்தான் சேர்க்க வேண்டும். வீணை வாசிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. பிரடையில் (முறுக்காணியில்) பெரிதாகச் சேர்த்துவிட்டு, கம்பிகளைக் கட்டும் நாகபாசத்துப் பக்கம் இருக்கும் லங்கரை (சிறு வளையத்தை) நகர்த்தி நுணுக்கமாகச் சேர்ப்பதுபோலத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை: நல்ல 3 மில்லிமீட்டர் அலன் கீ, 2.5 மில்லிமீட்டரில் ஒன்று, ஸ்டார் ஸ்குரூ டிரைவர், கம்பி வெட்டும் கட்டர், ட்யூனர், காலாவதியான ஏடிஎம் கார்டுகள் மூன்று நான்கு, ஒரு துணி. அசல் ஃப்ளாய்ட் ரோஸில் நட்டுக்கும் கம்பியைப் பிடிக்கும் ஸ்குரூவுக்கும் 3 மில்லிமீட்டர். சேடிலை (ஒவ்வொரு கம்பியும் பிரிட்ஜில் உட்காரும் சின்னப் பாகத்தை) முன்பின் நகர்த்தும் ஸ்குரூவுக்கு 2.5. லைசன்ஸ் வாங்கிச் செய்த மற்ற மாடல்களில் அளவு மாறலாம், போட்டுப் பார்த்து ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலன் கீயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிட்டாரோடு இலவசமாக வரும் கீயின் முனை தேய்ந்ததும் ஸ்குரூவின் அறுகோணத்தையும் உருட்டிவிடும். அப்புறம் அந்த ஸ்குரூவை வெளியே எடுப்பது தனிக் கதை. பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் மெஷின் ஷாப்காரர்கள் வாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினால் சமநிலை போகாது என்று பலரும் சொல்வார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஃப்ரெட்போர்டைத் துடைக்க முடியாது, பிரிட்ஜுக்குக் கீழே சேரும் அழுக்கைத் தொடவே முடியாது. நம் ஊர் வியர்வைக்கு அது முக்கியம். எனக்குப் பிடித்த வழி கார்டு வழி.

பழைய கம்பிகள் சரியான சுருதியில் இருக்கும்போது கிட்டாரைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பிரிட்ஜின் அடித்தட்டு உடம்பின் மேற்பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். இருந்தால், அடித்தட்டின் பின்பகுதிக்கும் அதன் கீழே இருக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, அந்த உயரத்துக்குக் கார்டுகளை அடுக்கித் துணியில் சுற்றிச் செருகுங்கள். பிரிட்ஜைத் தூக்கவும் கூடாது, ஆடவும் கூடாது, அந்த அளவு. இனி எல்லாக் கம்பியையும் எடுத்துவிட்டாலும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பள்ளத்துக்குள் இழுக்க முடியாது, கார்டுமேல் உட்கார்ந்திருக்கும். அதே ரகக் கம்பியைப் புதிதாக மாட்டிச் சுருதி சேர்த்துக் கார்டை உருவினால், கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஃபைன் ட்யூனரில் கொஞ்சம் திருத்தினால் போதும். இவ்வளவுதான் ரகசியம்.

தடிமனை மாற்றும்போதுதான் கார்டின் உண்மையான அருமை தெரியும். 9-42இலிருந்து 10-46க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். கம்பியின் இழுவை கூடும், அதனால் ஸ்பிரிங்கின் இழுவையும் கூட வேண்டும். பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டை மரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்குரூக்களை உள்ளே திருகினால் ஸ்பிரிங் இறுகும். வழக்கமாகச் செய்வது என்ன? கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, பிரிட்ஜ் முன்னால் சாய்ந்ததைப் பார்த்து, ஸ்பிரிங்கை இறுக்கி, கம்பிகள் ஏறிப்போக, மறுபடி இறக்கி, மறுபடி பார்த்து... ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதற்குப் பதில், தொடங்கும்போதே ஸ்பிரிங்கைத் தேவைக்கு மேலேயே இறுக்கிவிடுங்கள். கார்டு செருகியிருப்பதால் பிரிட்ஜ் அசையாது. சாதாரண கிட்டாருக்குச் செய்வதுபோல் நிம்மதியாக ஆறு கம்பியையும் சரியான சுருதிக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்காது. பிறகு கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து, பின்னால் இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் கார்டை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். பிரிட்ஜின் பிடி விட்டு, கார்டு அப்படியே வழுக்கி வெளியே வரும் ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் பிரிட்ஜ் இணையாகவும் இருக்கும், சுருதியும் சரியாக இருக்கும். சுருதி சேர்க்கும்போதே பிரிட்ஜ் கார்டைவிட்டு மேலே எழும்பினால், ஸ்பிரிங்கை இன்னும் இறுக்க வேண்டும் அல்லது ஒரு ஸ்பிரிங் கூடுதலாக மாட்ட வேண்டும் என்று அர்த்தம். என்னுடையதில் 9க்கு மூன்று ஸ்பிரிங் போதும். 10 போட்டபோது நாலாவது ஒன்றைச் சேர்த்தேன்.

அந்தக் கொக்கித் தகட்டில் ஒரு ஒயர் பற்றவைத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அது கிரவுண்டு. ஸ்குரூ டிரைவர் வழுக்கி அது அறுந்தால் ஆம்ப்பில் "ங்ங்ங்" என்று இரைச்சல் வரும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) போய்விட்டது என்று புதிதாக வாங்கப் போகிறவர்களும் உண்டு.

இனி கம்பியைப் பிடிக்கும் இடம். அசல் வகையில் கம்பியின் குண்டு முனையை வெட்டிவிட்டு, முறுக்கு இல்லாத பகுதியைச் சேடிலுக்குள் இருக்கும் சின்னச் சதுரக் கட்டைக்கு முன்னால் விட்டு, பின்னாலிருந்து ஸ்குரூவை இறுக்க வேண்டும். நான் பெரும்பாலும் கம்பியைத் திருப்பி மாட்டுகிறேன். குண்டு முனை தலைப்பக்கம், ட்யூனிங் கீயில். மறுமுனையைச் சேடிலுக்கு அளவாக வெட்டிக்கொள்வேன். கீயில் நாலைந்து சுற்று கூடுதலாக விட்டால், சேடில் ஓரத்தில் அறுந்தாலும் கொஞ்சம் அவிழ்த்து அதே கம்பியை மறுபடி மாட்டலாம். பெரும்பாலும் அறுவது அங்கேதான் என்பதால் இது காசை மிச்சப்படுத்துகிறது. தடிமனான கம்பிகளின் நுனி மெலிந்தோ பிசிறாகவோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மாட்டுங்கள். கம்பி கட்டையின் நடுவில் உட்கார வேண்டும். ஓரமாகப் போனால் வழுக்கும். ட்யூன் நிற்கவில்லை என்று ஸ்பிரிங்கையும் நட்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

எவ்வளவு இறுக்குவது? அலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து விரலால் முடிந்தவரை, அப்புறம் நீளப் பக்கத்தைப் பிடித்து இன்னும் கொஞ்சம். அதற்குமேல் முழுக் கைபலத்தையும் போடாதீர்கள். விலை குறைந்த ஃப்ளாய்ட் ரோஸ் ஸ்பெஷல் வகையில் சேடில்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. எஃகு சேடில் தாங்குவதை அது தாங்காது. விரிசல் விட்ட சேடிலோடு என்னிடம் வந்த ஒரு கிட்டாரின் சொந்தக்காரர், "வழுக்கக் கூடாதுன்னு நல்லா முறுக்கினேன்" என்றார். உண்மையில் அவர் கிட்டாரில் வழுக்கியதற்குக் காரணம் சதுரக் கட்டையில் விழுந்திருந்த பள்ளம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கம்பி அழுந்தினால் பள்ளம் விழத்தான் செய்யும். கட்டையை வேறு பக்கம் திருப்பிப் போட்டால் புது முகம் கிடைக்கும். நாலு பக்கமும் தேய்ந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம், பெரிய விலை இல்லை. கம்பி இல்லாதபோது கிட்டாரைக் கவிழ்த்தால் இந்தக் கட்டைகள் உதிர்ந்து ஓடும். தரைவிரிப்பு இல்லாத மொசைக் தரையில் ஒன்று பீரோவுக்கு அடியில் போனால் அன்றைய வேலை முடிந்தது.

நட்டைப் பூட்டும் முன் இரண்டு வேலை. ஃபைன் ட்யூனர்கள் ஆறையும் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். பூட்டிய பிறகு ஏற்றவும் இறக்கவும் இடம் வேண்டும். அடுத்து, கம்பியைக் கையால் மெல்ல இழுத்து இழுத்துத் தளர்ச்சியை எடுங்கள். இழுத்த பிறகு இறங்கும், சேருங்கள், மறுபடி இழுங்கள். இழுத்தும் இறங்கவில்லை என்றால் தயார். இதில் அவசரப்பட்டுப் பூட்டிவிட்டால், முதல் நாள் வாசிப்பிலேயே ஃபைன் ட்யூனர் கடைசிவரை திருகி முடிந்துபோகும்.

பூட்டும்போது சுருதி லேசாக மாறுவது சகஜம். நிறைய ஏறினால், நட்டுக்குப் பின்னால் தலைப்பக்கம் கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் பட்டையைப் பாருங்கள். கம்பி நட்டின் மேற்பரப்பில் படிந்து உட்காரும்படி அந்தப் பட்டை அமுக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால், நட் கிளாம்ப் கம்பியைக் கீழே அமுக்கும்போது இழுத்துவிடும், சுருதி ஏறும். பட்டையின் ஸ்குரூவை ஒரு சுற்று இறுக்கினால் போதும். பூட்டிய பிறகு தலைப்பக்கக் கீயைத் தொடவே வேண்டாம். பூட்டு இருக்கும்போது கீயைத் திருகினால் சுருதி மாறாது. நட்டுக்குப் பின்னால் கம்பி இறுகி இறுகி ஒருநாள் டப்பென்று போகும்.

ஏசி அறையில் சேர்த்துப் பூட்டிய கிட்டார், மே மாதத் திறந்த மேடை விளக்குகளுக்குக் கீழே வந்தால் இறங்கும், சூட்டில் கம்பி நீளும். அதனால் மேடை வாசிப்புக்கு முன்பே ஃபைன் ட்யூனர்களில் ஏற்றுவதற்குக் கொஞ்சம் அதிக இடம் விட்டு வைப்பேன்.

துருதான் நம் கடற்கரை ஊரில் பெரிய எதிரி. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ ஜன்னலைத் திறந்து வைத்து வாசிக்கிறவர்கள் சேடில் ஸ்குரூக்களை எடுத்துப் பார்த்தால் தெரியும், கறுப்பு நிறத்தின் அடியில் சிவப்பு. உள்ளங்கை வைத்து அமுக்கும் இடம் அதுதான். வியர்வை முழுக்க அங்கேதான் இறங்குகிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் பிரிட்ஜைத் துடைப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுவது, இரண்டு போதும். கம்பி மாற்றும்போது சேடிலில் கம்பியைப் பிடிக்கும் நீள ஸ்குரூக்களைக் கழற்றித் துடைத்து, இழைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தார் ஒருவர். நாளாக நாளாக அது சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, ஸ்குரூ இறுகிப்போயிருந்தது. ஸ்ப்ரே டப்பாக்களை நேரடியாகப் பிரிட்ஜ்மேல் அடிப்பதும் வேண்டாம். மரத்துக்குள்ளும் பிக்கப்புக்குள்ளும் இறங்கும்.

கத்தி விளிம்பும் ஸ்டட்டும் தொடும் இடத்தில் வாசலின் மெல்லிசாகத் தடவலாம், அதுவும் கம்பி இல்லாதபோது. ஸ்டட்டை ஏற்றி இறக்கிக் கம்பி உயரத்தை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள். முழு இழுவையில் திருகினால் ஸ்டட்டின் உலோகமும் விளிம்பும் ஒன்றையொன்று சீவிக்கொள்ளும். அந்த விளிம்பு மழுங்கினால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பாது. என்ன செட்டிங் செய்தாலும் பயனில்லை, அடித்தட்டையே மாற்ற வேண்டும்.

மீதி சின்ன விஷயங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலியைவிட) ஏறிக் கேட்டால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் முன்னால். கம்பியைத் தளர்த்தாமல் சேடிலை நகர்த்தும் ஸ்குரூவைத் தொடாதீர்கள், இழுவையில் சேடில் விர்ரென்று முன்னால் ஓடும். ஒரே ரகக் கம்பியையே போட்டுக்கொண்டிருந்தால் இந்த வேலை அடிக்கடி வராது. ஸ்பிரிங்குகள் ரீங்காரமிட்டால் உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வையுங்கள். அடிக்கடி டிராப் டி (ஆறாவது கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்குவது), அப்புறம் ஸ்டாண்டர்ட், அப்புறம் அரை சுருதி கீழே என்று மாற்றி வாசிக்கிறவர்கள் இந்த மிதக்கும் பிரிட்ஜை வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆறாவது கம்பியை இறக்கினாலே மற்ற ஐந்தும் ஏறும், சுற்று மறுபடி தொடங்கும். கம்பியை வளைத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஒலிக்கவிடும் கண்ட்ரி பாணிக்காரர்களுக்கும் இது ஒத்துவராது.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் ட்யூனரோடு போங்கள். சுருதி சேர்த்துவிட்டு, ட்ரெமோலோ கையை நன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள், முள் எங்கே நிற்கிறது? பிறகு கையை மேலே இழுத்து விட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்துக்கு வந்தால் விளிம்புகள் நன்றாக இருக்கின்றன. ஒரு தடவை ஏறியும் இன்னொரு தடவை இறங்கியும் நின்றால், நட்டும் சேடில் ஸ்குரூக்களும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் அப்படித்தான் நிற்கிறது என்றால், விற்பவர் "சும்மா செட்டிங்தான் சார்" என்று சொன்னாலும் புது அடித்தட்டு, இரண்டு ஸ்டட் ஆகியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பின்மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே மரத்துண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.